கனத்த ஸ்பிரிங் போட்டால் உதை குறையுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். .32 பிஸ்டலில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டி சுடுகிறேன். துப்பாக்கி கைமாறி வந்தது. உள்ளே இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் ஓடுகிற மேல்பாகமான ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது) எத்தனை பவுண்டு, எத்தனை வருடப் பழசு என்று தெரியாது. நிதானமாகச் சுடும் பிரிசிஷன் பாதி ஒழுங்காகப் போகிறது. வேகமாகச் சுடும் ராப்பிட் பாதியில் முப்பது தோட்டாவுக்கு ஒன்றிரண்டு முறை காலி கேஸ் வெளியே போகாமல் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரேஞ்சில் சீனியர் சேட்டன் ஒருவர், “உதையும் அதிகமாக இருக்கு, ரெண்டு பவுண்டு கூட்டிப் போடு, ரெண்டும் சரியாகும்” என்கிறார். எத்தனை பவுண்டு வாங்கட்டும்?

பதில்: முதலில், கூட்டாதீர்கள். கேஸ் மாட்டுகிறது என்றால் ஸ்லைடு பின்னால் போக வேண்டிய தூரம் முழுதாகப் போகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நெல்லியாம்பதி ஏற முடியாமல் திணறுகிற பஸ்ஸில் இன்னும் நாலு மூட்டை ஏற்றச் சொல்கிறார் சேட்டன். அவர் சொன்னபடி செய்தால், ஒன்றிரண்டு முறை மாட்டுவது ஐந்தாறு முறையாகும்.

அவரைக் குறை சொல்லவில்லை. கனத்த ஸ்பிரிங் உதையைக் குறைக்கும் என்று நானும் பல வருடம் நம்பினேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த நம்பிக்கை போனது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

அதற்கு முன், பாக்கெட்டில் எழுதியிருக்கும் பவுண்டு என்ன என்பது தெரிய வேண்டும். ஸ்லைடு முழுக்கப் பின்னால் போய் நிற்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு வலுவோடு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். .45-இல் வரும் 5 அங்குல 1911 பிஸ்டலுக்கு 16 பவுண்டு வழக்கமான ஸ்பிரிங். அந்த 16 முழுதும் ஸ்லைடு கடைசிவரை பின்னால் போனபோதுதான். மூடிய நிலையில் அதற்கு ரொம்பக் குறைவு. அதே பிஸ்டலில் மெதுவான டார்கெட் தோட்டா சுடுகிறவர்கள் 16-இலிருந்து கீழே இறங்கித்தான் வருவார்கள். தோட்டா மெதுவானால் ஸ்பிரிங்கும் மென்மையாக வேண்டும். இன்னொரு விஷயம், எல்லாக் கம்பெனியும் ஒரே நீளத்துக்கு அமுக்கி அளப்பதில்லை. ஒரு கம்பெனியின் 8-ஐயும் இன்னொன்றின் 8-ஐயும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் .32. வாட்கட்டர் (மூக்கு தட்டையான டார்கெட் ஈயக்குண்டு) எடை 98 கிரெய்ன், அதாவது சுமார் 6.35 கிராம். வேகம் வினாடிக்கு 235 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடு 300 கிராம், அது பின்னால் ஓடும் தூரம் 35 மில்லிமீட்டர். இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் பிஸ்டலில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குண்டு முன்னால் போகிற அளவுக்கு ஸ்லைடைப் பின்னால் தள்ளும். ஸ்லைடு வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 3.7 ஜூல்.

மூடியபோது 4 பவுண்டும் கடைசியில் 7 பவுண்டும் தள்ளுகிற ஸ்பிரிங் அந்த 35 மில்லிமீட்டரில் உள்வாங்குவது 0.86 ஜூல்தான். மொத்தத்தில் கால் பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் ஹாமரைத் தூக்க, கேஸை இழுத்து எறிய, உராய்வில், கடைசியில் ஃப்ரேமில் (நீங்கள் பிடித்திருக்கும் கீழ்பாகத்தில்) போய் முட்டுவதில் செலவாகிறது. சேட்டன் சொல்படி 7-ஐ 9 ஆக்கினால், மூடியபோதுள்ள 4-உம் அதே விகிதத்தில் கூடி, ஸ்பிரிங் வாங்குவது 1.10 ஜூல். 3.7-இல் 0.24 கூடுதல். நூற்றுக்கு ஆறு, ஏழு. இதை உங்கள் கை உணரவே உணராது. ஏற்கெனவே விளிம்பில் ஓடுகிற பிஸ்டலுக்கோ அந்த ஆறு ஏழே போதும், கேஸ் மாட்ட.

சரி, திரும்பி வரும்போது? ஸ்லைடை முன்னால் கொண்டுவருவது ஸ்பிரிங் மட்டும்தான், வேறு யாரும் உதவிக்கு இல்லை. அங்கே 0.86 எங்கே, 1.10 எங்கே! நூற்றுக்கு 28 கூடிவிட்டது. ஸ்லைடு அவ்வளவு வலுவோடு வந்து அடைபடும்போது பேரல் நுனி கீழே குத்தும். சுட்டதும் ஃப்ரண்ட் சைட் மேலே போய், திரும்பி வரும்போது டார்கெட்டின் கருப்பு வட்டத்துக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து நீங்கள் தூக்க வேண்டியிருக்கும். கனத்த ஸ்பிரிங் போட்டவர்கள் “உதை குறைஞ்ச மாதிரி இருக்கு” என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கீழ்க்குத்தலைத்தான். மேலே போனதை அது உடனே கீழே இழுத்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. ஆக, ஸ்பிரிங்கை நான் தேர்ந்தெடுப்பது ஸ்லைடு திரும்பி வரும் விதத்தைப் பார்த்து. போகிற வேகத்தைத் தோட்டா முடிவு செய்துவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. குண்டு பேரலை விட்டு வெளியேறும்போது ஸ்லைடு நகர்ந்திருப்பது சுமார் 3 மில்லிமீட்டர். உதை உங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் குண்டு போய்விட்டது. அந்த ஷாட் 10-ஆ 8-ஆ என்பதில் ஸ்பிரிங்குக்குப் பங்கு கிடையாது.

உங்கள் ஆட்டத்துக்கே வருவோம். சென்டர் ஃபயர் ராப்பிட் பாதியில் டார்கெட் 3 வினாடி முகம் காட்டும், 7 வினாடி மறையும். ஒரு முகத்துக்கு ஒரே ஷாட். சுட்டுவிட்டுக் கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தயாராக 7 வினாடி இருக்கிறது. ஸ்லைடு வேகமாக மூடினால் என்ன, கொஞ்சம் சோம்பலாக மூடினால் என்ன? 4 வினாடியில் ஐந்து ஷாட் சுடுகிற ராப்பிட் ஃபயர்க்காரருக்கு ஃப்ரண்ட் சைட் திரும்பி வருவது உயிர், அவர் சுடுவது .22. உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அறுபது ஷாட்டும் தடையில்லாமல் ஓட வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா இதே ஆட்டத்தில் 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அப்படிப்பட்ட ஸ்கோரில் தடுமாற இடமே இல்லை. மாட்டின கேஸை எடுத்துவிட்டுத் திரும்பி நிற்கிற மனம் முந்தைய மனமாக இருக்காது.

பிரிசிஷனில் வராத கோளாறு ராப்பிட்டில் மட்டும் ஏன்? எனக்கு முதலில் சந்தேகம் வருவது உங்கள் மணிக்கட்டு மேல். பிரிசிஷனில் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து ஷாட்; நிதானமாகக் கையை உயர்த்தி, பிடியை இறுக்கி, நின்று சுடுகிறீர்கள். ராப்பிட்டில் 45 டிகிரியில் கிடக்கும் கையை டார்கெட் திரும்பியதும் தூக்க வேண்டும். தூக்குகிற அவசரத்தில் மணிக்கட்டு தளர்ந்தே இருக்கும், ட்ரிகர் விழுந்துவிடும். ஸ்லைடு பின்னால் ஓட, ஃப்ரேம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஃப்ரேமும் கூடவே பின்னால் போனால் ஸ்லைடுக்குக் கிடைக்கும் ஓட்டம் குறையும். ரெண்டு கையால் சுடுகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நம் ஆட்டம் ஒற்றைக் கை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிஸ்டலை நன்றாகத் துடைத்து, சேம்பரை (தோட்டா உட்காரும் குழியை) பிரஷ் போட்டு எடுத்து, அப்புறம் ஆரம்பியுங்கள். வாட்கட்டரில் ஈயமும் மெழுகும் சேம்பர் ஓரத்தில் படிந்து கேஸைப் பிடித்துக்கொள்ளும். அழுக்குத் துப்பாக்கியை வைத்து ஸ்பிரிங்கைச் சோதிப்பது வீண். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் போய்த் திறந்து நிற்க வேண்டும். இறுக்கிப் பிடித்துப் பத்து முறை. பிறகு ராப்பிட் போலவே 45 டிகிரியிலிருந்து தூக்கிப் பத்து முறை. ஒவ்வொரு கேஸும் எங்கே விழுந்தது என்று நண்பர் ஒருவரைச் சாக்பீஸால் தரையில் வட்டம் போடச் சொல்லுங்கள்.

இறுக்கிப் பிடித்தபோது பத்துக்குப் பத்தும் திறந்து நின்று, வட்டமெல்லாம் ஒரு முறம் அகலத்துக்குள் விழுந்து, தூக்கிச் சுடும்போது மட்டும் காலடியில் சிதறினால் கோளாறு கையில். இறுக்கிப் பிடித்தும் கேஸ் பக்கத்திலேயே சோர்ந்து விழுந்தால் ஸ்பிரிங் கனம், அல்லது தோட்டா மெது. நேர்மாறாகக் கேஸெல்லாம் தூரப் பறந்து, வாய் நசுங்கிக் கிடந்தால், பின்னால் அடியைத் தாங்கும் பஃபர் விரிசல் விட்டிருந்தால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. உங்கள் மாதிரி .32 டார்கெட் பிஸ்டல்கள் பெரும்பாலும் பேரலோடு பூட்டு இல்லாத ப்ளோபேக் வகை. தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டுக்கொண்டே போனால் அடி முழுதும் ஃப்ரேமுக்கு. ஸ்லைடு முழுசாக மூடாமல் ஒரு நூல் திறந்தே நிற்பதும் தளர்ந்த ஸ்பிரிங்கின் அடையாளம்தான். ஆனால் அதற்கு முதல் காரணம் அழுக்கு. சேம்பரை மறுபடி பாருங்கள்.

உள்ளே இருப்பது எத்தனை பவுண்டு என்று தெரியவில்லை என்றீர்கள். வீட்டில் மாவு எடை போடுகிற டிஜிட்டல் தராசு இருக்குமே, அது போதும். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பிஸ்டலைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது துள்ளினால் நேரே முகத்துக்குத்தான் வரும். ஸ்பிரிங்கின் கைடு ராடு (உள்ளே ஓடும் கம்பி) உள்ளேயே இருக்க, தராசின் மேல் நிறுத்தி, ஸ்லைடு கடைசிவரை போனபோது ஸ்பிரிங் எவ்வளவு சுருங்குமோ அந்த நீளத்துக்கு அமுக்குங்கள். நீளத்தை முன்பே ஸ்கேலில் குறித்து வைத்துக்கொண்டால் நல்லது. தராசு காட்டும் கிலோவை 0.454-ஆல் வகுத்தால் பவுண்டு. 3.2 கிலோ காட்டினால் 7 பவுண்டு. கை கொஞ்சம் ஆடும். ஐந்து முறை அளந்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் 5-வது பிரிவுப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு உரிமம் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தெரிந்த லேத்துக்காரரிடம் கொடுக்கிற வேலை இல்லை இது.

வாங்குவது எது? உங்கள் பிஸ்டலைச் செய்த கம்பெனி .32-க்கென்று கொடுக்கும் சாதாரண ஸ்பிரிங் ஒன்று, அதற்கு ஒரு படி மென்மையானது ஒன்று. புது சாதாரணத்தைப் போட்டு அந்த இருபது ஷாட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் மேஜையில் கிடத்திப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்படி குட்டையாகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. பழசை இழுத்து நீட்டிப் போடுவதும், கனமாக இருக்கிறதென்று ரெண்டு சுற்று வெட்டுவதும் வேண்டாம். வெட்டினால் மூடிய நிலையில் பிடிப்பு குறையும், மிச்சமுள்ள ஸ்பிரிங் அமுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் முன்பைவிட விறைப்பாகும். ரெண்டு பக்கமும் நஷ்டம். ஹாமர் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். அது ட்ரிகர் எடையைத் தொடும். ட்ரிகர் எடை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிக்கு முன் செய்யும் சோதனையில் போய் நிற்க வேண்டி வரும்.

கடைசியாக, நம் ஊர் வெயில். வாளையார் கணவாய்க் காற்று மார்ச்சில் 40 டிகிரியைக் கொண்டுவந்து முகத்தில் அடிக்கும். பெட்டியில் சூடான மருந்து வேகமாக எரியும், ஸ்லைடு துள்ளி ஓடும். அந்த மார்ச்சில் “இன்னும் கொஞ்சம் கனமாகப் போடலாமே” என்று எனக்கும் ஒரு முறை தோன்றி, போட்டேன். அற்புதமாக ஓடியது. அதே ஸ்பிரிங்கோடு டிசம்பரில் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சில் காலை ரிலேயில் நின்றேன். கையில் ரோமம் சிலிர்க்கிற குளிர். பாலக்காட்டு மழைக்குத் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தாராளமாக விட்டிருந்த எண்ணெய் உள்ளே தேன் மாதிரி இறுகிப்போயிருந்தது. மூன்றாவது தோட்டாவிலேயே கேஸ் நிமிர்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. பக்கத்து லேனில் இருந்த சர்தார்ஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் நீங்கள் எந்த ஸ்பிரிங்கை முடிவு செய்தாலும், நடுப்பகலில் மட்டும் சோதித்து முடிவு செய்யாதீர்கள். மார்கழி விடியலில் ஒரு நாள், தோட்டாப் பெட்டியை ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்து, எண்ணெயை ரெண்டு சொட்டோடு நிறுத்தி, அதே இருபது ஷாட். பெட்டியை எடுத்ததும் மேலே பூக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மேகசினில் போடுங்கள். அங்கேயும் இருபதும் ஓடினால் அந்த ஸ்பிரிங்கை வைத்துக்கொள்ளலாம். போட்ட தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பிஸ்டல் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்; நாளைக்கு உங்களிடமிருந்து வாங்குகிறவர் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.