தேக்கு பருக்காததற்குப் புழுதான் காரணமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் தேக்கு வைத்து 9 வருடம் ஆகிறது. இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 1,000 கன்று வைத்ததில் 850 மரம் நிற்கிறது. ஐப்பசியில் இலையெல்லாம் வலைபோல ஆகிவிடுகிறது. உள்ளே நிற்கும் மரம் நெஞ்சு உயரத்தில் 14 அங்குலச் சுற்றளவுதான் இருக்கிறது. வரப்போரத்தில் நிற்பது 26 அங்குலம். மருந்துக் கடையில் ஒரு மருந்து சொல்கிறார்கள். அடிக்கலாமா? (ஆலங்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அடிக்க வேண்டாம். அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும்.

தேக்கு இலையைத் தின்னும் புழுக்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கோடை மழை விழுந்து புதுத்தளிர் வரும்போது, சித்திரை வைகாசியில், கூட்டமாக வந்து இலையை மொத்தமாகத் தின்றுவிடும். நடு நரம்பும் தடித்த பக்க நரம்புகளும்தான் மிஞ்சும். இன்னொன்று வருடக் கடைசியில் வருவது. நரம்புகளைத் தொடாமல் நடுவிலுள்ள பச்சையை மட்டும் சுரண்டும். ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொடி நரம்புகூட அறுபடாமல் இருந்தால் இரண்டாவது வகை. நீங்கள் சொல்லும் மாதமும் வலையும் அதற்குத்தான் பொருந்துகின்றன.

எது எவ்வளவு கெடுதல் என்பதைக் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.எஸ்.எஸ். நாயரும் குழுவினரும் நிலம்பூர் தேக்குத் தோட்டத்தில் சோதித்து, 1985-ல் அறிக்கையாக வெளியிட்டார்கள். சில மரங்களை முதல் புழுவிடமிருந்து மட்டும் காப்பாற்றினார்கள், சிலவற்றை இரண்டாவதிடமிருந்து மட்டும், சிலவற்றை இரண்டிடமிருந்தும். மீதியை அப்படியே விட்டார்கள். 4 வயதிலிருந்து 8 வயது வரை அளந்து பார்த்ததில், முதல் புழு தின்ற மரங்கள் கூடியிருக்க வேண்டிய கன அளவில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. வலையாக்கும் புழுவால் சொல்லிக்கொள்ளும்படி எந்த இழப்பும் இல்லை. காரணம் எளிது. வருடக் கடைசியில் அந்த இலை தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும்; புழு தொடாவிட்டாலும் தை மாசிக்குள் உதிரப்போகிற இலைதான் அது. ஆனால் பார்க்கப் பயங்கரமாக இருப்பது இதுதான். அதனால் மருந்து விற்பது சுலபம்.

சரி, அப்படியானால் ஏன் பருக்கவில்லை? விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வரப்பு மரத்தையும் அதே புழுதான் தின்கிறது, ஆனாலும் அது பருத்திருக்கிறதே! அதற்கு ஒரு பக்கம் திறந்த வெளி. தேக்கு வெயிலுக்கு ஏங்கும் மரம். பக்கத்து மரத்தின் நிழலைப் பொறுக்காது. இரண்டு மீட்டர் இடைவெளி கன்று நேராக ஏறுவதற்குத்தான். 4, 5 வயதில் பாதியைக் கலைத்திருக்க, அதாவது வெட்டி எடுத்து மீதிக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

26 என்பது 14-க்கு இரண்டு மடங்குகூட இல்லை என்று தோன்றும். மரக்கடைக் கணக்கு வேறு. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். 10 அடித் துண்டுக்குத் தோராயமாகப் போட்டால் உள் மரம் 0.85 கன அடி, வரப்பு மரம் 2.9 கன அடி. கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு!

இத்தனை வருடம் கலைக்காத தோப்பில் ஒரேயடியாகப் பாதியை வெட்டினால் ஒல்லி மரங்கள் காற்றுக்குச் சாயும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 280 மரம் இந்த முறை போகட்டும். இரண்டு வருடம் கழித்து இன்னொரு மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் 380 அளவில் நிற்கும். குறி போடுவதை மரத்தில் இலை இருக்கும்போதே செய்யுங்கள். அண்ணாந்து பார்த்தால் எந்தக் கொண்டை மற்றவற்றின் அடியில் அமுங்கிக் கிடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அமுங்கியது, கோணியது, தாழ்வாகக் கவைத்தது, இவற்றுக்குச் சுண்ணாம்புப் பட்டை. அப்புறம் மாசியில் இலை உதிர்ந்த பிறகு வெட்டலாம். வரிசைக்கணக்கில் வெட்டாதீர்கள்; இந்த வயதில் மரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வெட்டியதும் அடிக்கட்டையைக் கொஞ்சம் பாருங்கள். தேக்கில் வருட வளையம் கண்ணுக்கே தெரியும். பாசனத் தோப்பில் ஒரே வருடத்தில் இரண்டு வளையம் போலத் தோன்றுவதுண்டு, அதனால் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், அகலத்தைப் பாருங்கள். உள்ளே விரல் அகலத்துக்கு இருந்தது பட்டைப் பக்கம் வரவர நெருங்கிக்கொண்டே போயிருந்தால், நெருக்கம் எப்போது தொடங்கியது என்று அதுவே காட்டிவிடும்.

வெட்டிய மரத்துக்குத் தேக்கு விலை எதிர்பார்க்காதீர்கள். வைரம், அதாவது நடுவில் முற்றிய கட்டை, மிகக் குறைவாகவே இருக்கும், கம்பாகத்தான் போகும். நிற்கும் மரங்களில் திடீர் வெளிச்சம் பட்டுத் தண்டிலேயே துளிர் கிளம்பும், பச்சையாக இருக்கும்போதே கையால் உரசி விடுங்கள். வெட்டின தூரிலிருந்து வரும் போத்தையும் ஒடித்துவிட வேண்டும்.

சித்திரையில் மட்டும் தோப்பைக் கவனியுங்கள். முதல் வகைப் புழு தளிரில் கூட்டமாகத் தெரிந்தால் அது வேறு கதை. உடனே வனக் கல்லூரியையோ வனத்துறையையோ கேளுங்கள். இப்போதும் கத்தி எடுக்குமுன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்த நிலத்துத் தேக்கானாலும் வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் விதிமுறை உண்டு.