6.4-ஐப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

எம்51 சுருள் விண்மீன் திரளைச் சந்திரா எக்ஸ்கதிர் தொலைநோக்கி 2000-ல் எடுத்த ஒரு தரவை இறக்கி, மையத்தைச் சுற்றி 15 ஆர்க்செகண்ட் ஆரத்தில் வட்டம் போட்டு நிறமாலை எடுத்தேன். ஒற்றை பவர்-லா (ஆற்றல் கூடக் கூட அடுக்கு விதிப்படி குறையும் கோடு) பொருத்தினால், அதன் சரிவைச் சொல்லும் அடுக்கெண் 3-ஐத் தாண்டுகிறது, மறைக்கும் வாயு அநேகமாக இல்லை. ஒளிர்வு வினாடிக்கு 10⁴⁰ எர்க்குக்கும் கீழே. கருந்துளை தூங்குகிறது, வருவதெல்லாம் விண்மீன் பிறப்பின் எக்ஸ்கதிர்தான் என்று எழுதலாமா? மூலங்களைத் தேடும் வேவ்டிடெக்ட் நிரலில் என்ன அளவுகள் வைப்பது? சந்திரசேகர் பெயர் தாங்கிய தொலைநோக்கி நமக்கெல்லாம் பெருமை அல்லவா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பெருமைதான். வேவ்டிடெக்ட்டுக்கு 1, 2, 4, 8, 16 பிக்சல் போதும். பிஎஸ்எஃப் (ஒரு புள்ளி ஒளி எவ்வளவு பரவித் தெரியும் என்ற) வரைபடம் கொடுக்காமல் ஓட்டாதீர்கள்.

யாரும் சொல்லாமலே பழைய தரவை எடுத்துத் தோண்டுகிறீர்களே, அந்த ஆர்வம் அருமையானது. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: "தூங்குகிறது" என்ற சொல்லை முதலில் அடியுங்கள். அதைச் சொல்ல உங்கள் நிறமாலைக்குத் தகுதியில்லை.

சந்திராவின் கூர்மை அரை ஆர்க்செகண்ட். எம்51 ஏறத்தாழ 2.8 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே 15 ஆர்க்செகண்ட் என்றால் 2,000 ஒளியாண்டு. அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் பல லட்சம் டிகிரி வாயு, எக்ஸ்கதிர் இரட்டை விண்மீன்கள், மையத்தின் தாரை மோதிச் சூடேறிய மேகம் எல்லாம் வந்து விழும். வாயுவும் மேகமும் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழேதான் பிரகாசம். எண்ணிக்கை எங்கே அதிகமோ அந்தப் பக்கம்தான் பொருத்தம் சாயும். உங்கள் 3 என்ற அடுக்கெண் அந்த வாயுவினுடையது. கருந்துளையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

இந்த மையம் காம்ப்டன் தடிமன் கொண்டது, அதாவது எக்ஸ்கதிரே எளிதில் ஊடுருவ முடியாத அளவு வாயு அதை மறைக்கிறது. 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (கே.இ.வி.) மேலே பார்த்த பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், சதுர சென்டிமீட்டருக்கு 5×10²⁴-க்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் அணுக்கள் குறுக்கே நிற்பதைக் காட்டியது. பின்னால் நூஸ்டார் எக்ஸ்கதிர் தொலைநோக்கியும் அந்தத் தடிமனை உறுதிசெய்தது. அத்தனை கனமான சுவரைத் தாண்டி 10 கே.இ.வி.க்குக் கீழே நேரடி ஒளி வராது. சுவரில் பட்டுத் திரும்புவது மட்டும் வரும். அதன் அடையாளம் 6.4 கே.இ.வி.யில் நிற்கும் இரும்புக் கோடு. கோடிக்கணக்கான டிகிரி வாயுவின் இரும்பு 6.7-ல் வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கை-ஸ்கொயர் (χ²) பொருத்தம் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆற்றல் கட்டுக்கு 20 ஃபோட்டான் சேர்த்திருப்பீர்கள். குறுகிய தரவில் அப்படிச் செய்தால் 5 முதல் 8 வரை ஒரே கட்டாகி, கோடு அதற்குள் புதைந்துவிடும். கட்டுக்கு 1 போதும், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-ஸ்டாட் அளவுகோலை வையுங்கள்.

ஒளிர்வை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு ஒரு சூரிய நிறை விண்மீன் பிறந்தால், கனமான எக்ஸ்கதிர் இரட்டைகள் மட்டுமே வினாடிக்குச் சுமார் 2.6×10³⁹ எர்க் தரும். சில சூரிய நிறை பிறக்கும் திரளே 10⁴⁰-ஐத் தொட்டுவிடும். சுவருக்குப் பின்னால் இருக்கும் கருந்துளையிடமிருந்து நமக்கு வருவதும் அதே அளவில் இருக்கலாம்.

இனி வேலையைப் பாருங்கள். 2012-ல் சந்திரா இதே திரளை 7 லட்சம் நொடிக்கு மேல் பார்த்திருக்கிறது, அதையும் இறக்குங்கள். இன்றைய அளவுத்திருத்தத்தோடு, தரவை மறுபடி பதப்படுத்தும் சந்திரா ரெப்ரோ நிரலை ஓட்டுங்கள். மையத்துக்கு 2 ஆர்க்செகண்ட் ஆரம். பின்னணியை வெற்று வானத்தில் எடுக்காமல், மையத்தைச் சுற்றிய வளையத்தில், புள்ளி மூலங்களை விலக்கி எடுங்கள். 2000 நிறமாலையையும் 2012 நிறமாலையையும் ஒன்றாகக் கூட்டவே கூடாது: இடைப்பட்ட ஆண்டுகளில் சந்திராவின் ஏசிஸ் கேமரா வடிகட்டியில் படிந்த அழுக்கு 1 கே.இ.வி.க்குக் கீழே உணர்திறனைத் தின்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஏஆர்எஃப் (உணர்திறன் கோப்பு) வைத்து, சேர்ந்தாற்போலப் பொருத்துங்கள்.

முதலில் 4 முதல் 8 கே.இ.வி. வரை மட்டும்: ஒரு பவர்-லா, இரும்புக் கோட்டுக்கு 6.4-ல் அகலமில்லாத ஒரு காஸியன். அடுக்கெண் 1-க்கும் கீழே தட்டையாக இறங்கி, கோட்டின் சமான அகலம் (சுற்றியுள்ள ஒளியோடு ஒப்பிட்ட அதன் வலிமை) 1 கே.இ.வி. அளவுக்கு வந்தால் அது பிரதிபலிப்பு. அப்புறம்தான் கீழே இறங்கி, வாயுவுக்கு ஏபெக் (சூடான வாயுவின் மாதிரி) சேர்க்க வேண்டும்.

பொருத்துவதற்கும் முன்னால் இரண்டு படம் போடுங்கள், 0.5–2 கே.இ.வி.யில் ஒன்று, 4–8 கே.இ.வி.யில் ஒன்று. முதல் படத்தில் மையம் பரவிய மேகமாகத் தெரியும். இரண்டாவதில் மேகம் போய், நடுவில் ஒரு புள்ளி நிற்கும். அந்தப் புள்ளியின் மேல் வட்டத்தை வைத்துப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.