ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் செல்லாது அண்ணாச்சி

ரயில்ல திருச்செந்தூர் போற அம்மாவுக்கு உங்க போன்ல முன்பதிவில்லா டிக்கெட் எடுத்து, அதோட ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் அபராதம் போட்டுட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. படிக்கவே மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா நீங்க எடுத்த மாதிரி பேப்பர் இல்லா டிக்கெட், எடுத்த போன்ல மட்டும்தான் செல்லும். அதையும் டிக்கெட் எடுத்த செயலிக்குள்ள திறந்துதான் காட்டணும். ஸ்கிரீன்ஷாட்டை டிடிஇ, அதாவது டிக்கெட் பரிசோதகர், ஏத்துக்க மாட்டார். கட்டணத்தோட குறைஞ்சது 250 ரூபாய் அபராதம் போட விதி இருக்கு.

அடுத்த தடவை பேப்பர் டிக்கெட்டுன்னு தேர்வு பண்ணுங்க. புக்கிங் எண்ணை அம்மாகிட்ட சொல்லிவிட்டா, திருநெல்வேலி ஜங்ஷன்ல டிக்கெட் மெஷின்லயோ கவுண்டர்லயோ அச்செடுத்துக்கலாம். அச்செடுக்காம ஏறவே கூடாது, அதை அழுத்திச் சொல்லிருங்க. செய்துங்கநல்லூர், நாசரேத் மாதிரி ஊர்லேர்ந்து ஏறுறதா இருந்தா, வயசானவங்களுக்குக் கவுண்டர் டிக்கெட்டே நிம்மதின்னுதான் நான் சொல்வேன். எங்க அம்மாவையும் அப்படித்தான் அனுப்புறேன்.