பச்சைப் பொடி பூத்த பிரெஞ்சு வெண்கலம், புளி போட்டுத் தேய்க்கலாமா?

வணக்கங்க, பாரிஸ் சாந்துவான் பழம்பொருள் சந்தையில வாங்குன, பார்பெடியன்ங்கிற பிரெஞ்சு வார்ப்புப் பட்டறை முத்திரை உள்ள வெண்கலச் சுவர்ப் பலகையில பச்சைப் பொடி வருது, புளி போட்டுத் தேய்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க! புளி, எலுமிச்சை, பிராஸோ எதையும் கிட்டக்கூட கொண்டுபோகாதீங்க. நம்ம வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு இருக்க வேண்டிய பொருள் இல்ல இது, அந்த காப்பிக்கொட்டை நிறமே பட்டறைக்காரங்க சூடும் ரசாயனமும் வச்சு வேணும்னே கொண்டுவந்தது, ஒருதடவை போச்சுன்னா அவ்ளோதான்.

முதல்ல பல்குத்தும் குச்சியால அந்தப் பச்சையை லேசா நெருடிப் பாருங்க. கெட்டியா ஒட்டியிருந்தா பயமில்ல, விட்டுடுங்க. வெளிர்பச்சையா மாவு மாதிரி உதிர்ந்து அடியில குழி தெரிஞ்சா அது குளோரைடு அரிப்பு, வெண்கல நோய்னு சொல்வாங்க, ஈரம் இருக்கிற வரைக்கும் தின்னுக்கிட்டே போகும். மென்மையான பிரஷ்ஷால பொடியைத் தட்டிட்டு சிலிக்கா ஜெல் போட்ட மூடுன டப்பாவுல வைங்க, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். சில வாரத்துல திரும்பப் பூத்தா உலோகப் பாதுகாப்பு தெரிஞ்சவர்கிட்டதான் போகணும், நீங்களா எதுவும் பண்ணாதீங்க.

முத்திரையை மட்டும் நம்பாதீங்க. பார்பெடியனும், சிற்பத்தைச் சின்னதாக்குற மெஷினைக் கண்டுபிடிச்ச அஷீல் கொலாஸும் 1838ல சேர்ந்து, சிற்பத்தை அந்த மெஷின்ல சின்னதாக்கி வார்த்தாங்க, அதைப் பார்த்து போலி நிறைய வந்துச்சு. பின்பக்க ஓரத்துல துளியூண்டு சுரண்டிப் பாருங்க, சாம்பல் வெள்ளையா இருந்தா துத்தநாகம், வெண்கலம் இல்ல. பொன்னிறமா தெரிஞ்சா போட்டோ போடுங்க, பார்க்கணும்னு ஆசையா இருக்கு.