தென்னாப்பிரிக்காவில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கலாமா? எதில் கவனம் தேவை?

பார்க்கலாம், பொதுவாகச் சட்டத்தில் தடை இல்லை. முதல் வேலையின் ஒப்பந்தத்தில் முன் அனுமதி கேட்கும் பிரிவு இருந்தால் அதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரியைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டின் பின்சுவர் இடிந்தது. அதைத் திரும்பக் கட்ட வாங்கிய கடனை அடைக்க, பகலில் துணிக் கிடங்கில் கணக்கு எழுதிவிட்டு, 2024 மார்ச்சிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் மாலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஒரு பெட்ரோல் பங்க்கின் கல்லாவில் உட்கார்ந்தேன். பகலுக்கு மாதம் 9,000 ராண்ட், இரவுக்கு 4,000. இரவு வேலையின் சம்பளச் சீட்டில் வருமான வரி என்ற இடத்தில் 0.00 என்றே இருந்ததால், அந்தப் பணம் முழுவதும் எங்களுடையது என்று நம்பி மாதாமாதம் கடனுக்குக் கட்டிவிட்டோம்.

2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரையான அந்த வரியாண்டில் ஒருவருக்கு 17,235 ராண்ட் வரிக்கழிவு உண்டு, அதாவது கட்ட வேண்டிய வரியில் அவ்வளவு குறையும். அது ஆளுக்கு ஒரு முறைதான். ஆனால் இரண்டு முதலாளிகளும் தாம் தருவது மட்டுமே என் வருமானம் என்று கொண்டு, ஆளுக்கொரு முறை முழுக் கழிவையும் கொடுத்துவிட்டார்கள். வருவாய்த்துறை இரண்டு சம்பளத்தையும் கூட்டியபோது, ஓராண்டு இரவுச் சம்பளமான 48,000 ராண்டுக்கு 18 சதவீதமாக 8,640 ராண்ட் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது. இரண்டு மாத இரவுச் சம்பளத்தைவிட அதிகம். அந்தத் தாளை மனைவியிடம் காட்டவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மாதம் 720 ராண்ட் கூடுதலாகப் பிடிக்கும்படி முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் இந்தச் சுமையே வந்திருக்காது. நீங்கள் முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஓய்வும் இப்படித்தான் இரண்டு முறை எண்ணப்படுகிறது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 12 மணி நேர இடைவெளி வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம். கிடங்கு மாலை 4.30க்கு முடிந்து மறுநாள் காலை 7.30க்குத் தொடங்குவதால் அவர்கள் ஏட்டில் எனக்கு 15 மணி நேர ஓய்வு. பங்க்கின் ஏட்டில் 19 மணி நேரம். உண்மையில் இரவு 11க்கும் காலை 7.30க்கும் இடையே, வீட்டுக்குப் போய் வரும் நேரமும் சேர்த்து, எட்டரை மணி நேரம்தான். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன், ஒரு காலில் பூட்ஸோடு கட்டிலில் சாய்ந்து விடியும்வரை தூங்கிய இரவுகள் பல. கிடங்கில் 1,450 மீட்டர் துணியை 4,150 என்று பதிந்த அன்றுதான் பயம் வந்தது. மேலாளர் அதை மாலைக்குள் கண்டுபிடித்தது என் நல்ல காலம்.

2025 டிசம்பரில் இரவு வேலையை விட்டுவிட்டேன். கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி இருந்தது. அதைப் பகல் சம்பளத்திலேயே கட்டத் தொடங்கினோம்.