ரேசரை டெட்டால் தண்ணில ஊறப் போடலாமா?

திருவொற்றியூர்ல இருந்து 51 வயசு வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு. பிளேடு பத்து நாள்ல துரு புடிச்சிடுதாம், அதனால ஷேவ் பண்ணி முடிச்சதும் ரேசரை டெட்டால் கலந்த தண்ணி டம்ளர்லயே போட்டு வெக்கிறாராம். அதே ரேசரைத்தான் காலேஜ் படிக்கிற 19 வயசு பையனும் எடுத்துக்குறான். கழுத்துல சின்னச் சின்னதா கொப்புளம், மெடிக்கல் ஷாப்ல குடுத்த ஆயின்மென்ட் போட்டா ரெண்டு நாள்ல அடங்குது, விட்டா திரும்ப வருது. துரு பிளேடு கிழிச்சா டெட்டனஸ் வருமான்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்காரு.

சார், முதல்ல அந்த ரேசரை டம்ளர்ல இருந்து வெளிய எடுங்க. துரு புடிக்கிறதே அந்தத் தண்ணியாலதான். ஸ்டெயின்லெஸ்னு பேர் இருந்தாலும் துருவே புடிக்காதுன்னு அர்த்தம் இல்ல, எவர்சில்வர் பாத்திரத்துல உப்புத் தண்ணியை ராத்திரி முழுக்க விட்டா அடியில புள்ளி புள்ளியா விழுமே, அதேதான் இங்கயும் நடக்குது. உங்க ஊர்ல கடக்காத்து வேற, போர் தண்ணியா இருந்தா அதுலயும் உப்பு. டெட்டாலை நாலு சொட்டு விட்டுட்டா கிருமி எல்லாம் செத்துடும்னு நினைக்காதீங்க, பிளேடுக்கு நடுவுல அடைச்சிருக்கிற சோப்பும் முடியும் போகாம எந்த மருந்தும் உள்ள இறங்காது. ஒரு தடவை ஒருத்தர் தன்னோட ரேசரையே கவர்ல போட்டு கொண்டாந்தாரு, தோலைப் பெரிசு பண்ணிப் பாக்குற லென்ஸை அதுமேல வெச்சுப் பார்த்தேன், அஞ்சு பிளேடுக்கு நடுவுலயும் சோப்பும் முடியும் தோலும் சேர்ந்து மாவு மாதிரி அப்பியிருந்துச்சு. அவரும் தினமும் டெட்டால்ல போட்டவர்தான்.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். ஷேவ் முடிஞ்சதும் ரேசரோட பின்பக்கத்தை குழாய்க்குக் காட்டி வேகமா தண்ணி விடுங்க, அடைப்பு முன்பக்கமா வந்துடும். கடைசியா ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணில முக்கி எடுங்க, அது உப்பைக் கழுவிடும். நல்லா உதறுங்க. துண்டால துடைக்காதீங்க, முனை போயிடும், விரலும் கிழியும். பழைய மாதிரி ரெண்டு பக்க பிளேடுன்னா கைப்பிடியை ஒரு சுத்து லூஸ் பண்ணி கழுவி, ஈரம் போனதும் இறுக்குங்க. அப்புறம் பாத்ரூம்ல வெக்காம ரூம் ஜன்னல் பக்கம் காத்து படுற இடத்துல நிமித்தி வைங்க. ஈரத்தோட மூடி போட்டு வெச்சீங்கன்னா டம்ளர்ல போட்டதும் அதுவும் ஒண்ணுதான். ஷேவிங் பிரஷ் வெச்சிருந்தா அதையும் உதறிட்டு முடி கீழ பாத்த மாதிரி தொங்க விடுங்க, அடிப்பக்கம் ஈரமாவே இருந்தா பூஞ்சை வரும்.

ஆனா எவ்ளோ காய வெச்சாலும் பிளேடு தேயும். 2020-ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரங்க மைக்ரோஸ்கோப்புக்குள்ளயே ஷேவ் பண்ணிப் பார்த்தாங்க, ஸ்டீலை விட சுமார் 50 மடங்கு மெத்துன்னு இருக்கிற முடி கூட வளைஞ்சு மோதும்போது முனையில துண்டு துண்டா பேத்துடுது. அதனால 5ல இருந்து 7 ஷேவ், அவ்வளவுதான், மாத்திடுங்க. கூட்டமா இருக்கிற இடத்துல பாதி விலைக்கு விக்கிற கார்ட்ரிட்ஜை மட்டும் தயவுசெஞ்சு வாங்காதீங்க, அட்டை அசல் மாதிரியே இருக்கும், முதல் ஷேவ்லயே தோலை இழுக்கும், அதை யாரும் புடிக்கிறதும் இல்ல. மாத்தின பிளேடை குப்பைக் கவர்ல அப்படியே போடாதீங்க, பழைய பால் பவுடர் டின்ல கீறல் போட்டு அதுக்குள்ள சேத்து டேப் ஒட்டிக் குடுங்க. குப்பையைக் கையால பிரிக்கிறவங்க விரல்ல தையல் போட்டு வந்து நின்னதைப் பார்த்திருக்கேன். இதுக்குத் தனியா தெருவுக்கு ஒரு பெட்டி வைக்க இத்தனை வருஷமா முடியலன்னா என்னத்த சொல்றது.

டெட்டனஸுக்கு வர்றேன். துருவுல இருந்து அது வராது, மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கிற கிருமி காயத்துல, அதுவும் ஆழமான காயத்துல போனா வரும். பத்து வருஷமா ஊசி போடலன்னா போட்டுக்கோங்க, ஷேவிங் கீறலுக்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம்.

பயப்பட வேண்டியது பையனும் நீங்களும் ஒரே ரேசரைப் பங்கு போடுறதுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும், கல்லீரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் பி கிருமி காஞ்ச ரத்தத்துல குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும். "நாங்க எல்லாம் தடுப்பூசி போட்டாச்சு டாக்டர், அப்பவும் கூடாதா"ன்னு கேப்பாங்க, இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்லிடுறேன். உங்க வயசுல சின்னப் புள்ளையில அந்த ஊசியே கிடையாது, அப்புறமா கேட்டு போட்டிருந்தாத்தான் உண்டு. நாடு முழுக்க அரசு அட்டவணைக்கு வந்ததே 2011-ல, உங்க பையன் அதுக்கு முன்னாடி பொறந்தவன், அதனால அவனும் போட்டிருப்பான்னு நீங்களா நினைச்சுக்காம கார்டைத் தேடி எடுத்து மூணு டோஸும் இருக்கான்னு பாருங்க. சரி, ரெண்டு பேரும் முழுசா போட்டாச்சுன்னே வெச்சுக்குவோம், ஹெபடைடிஸ் சி-ன்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் தடுப்பூசியே இல்ல. ஆக ஊசி போட்டவங்களுக்கும் இதுல சலுகை கிடையாது. அவனுக்குத் தனி ரேசர், தனி கலர், தனி இடம். படிகாரக் கட்டியும் தனி.

கடைசியா அந்த ஆயின்மென்ட், எனக்குக் கோவம் வர்ற விஷயமே இதுதான். ட்யூபை எடுத்துப் படிங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன்னு ஏதாவது இருக்கா? இருந்தா அது ஸ்டீராய்டு. ரெண்டு நாள்ல அடங்குறது அதனாலதான், கிருமி உள்ள அப்படியே இருக்கும், தோல் மட்டும் காகிதம் மாதிரி மெலிஞ்சுக்கிட்டே போகும். டாக்டர் சீட்டு இல்லாம இதை விக்கக் கூடாதுன்னு 2018-லயே அரசாணை வந்தாச்சு, ஆனா கவுன்ட்டர்ல "முகத்துல புண்ணு"ன்னு சொன்னா போதும், இதைத்தான் எடுத்து நீட்டுறாங்க, சீட்டு வேணும்னு ட்யூப்ல போட்டிருக்கிற சிவப்புக் கோடு யாருக்குன்னே தெரியல. அந்தக் கடைக்காரர் தோல் டாக்டர் இல்ல சார். மாசக்கணக்குல போட்டிருந்தீங்கன்னா திடீர்னு நீங்களா நிறுத்தவும் வேணாம், முகம் செவந்து எரியும், டாக்டர் கிட்ட கேட்டு நிறுத்துங்க.

இப்போதைக்கு நாலு வாரம் ரேசரே வேணாம், ட்ரிம்மர் வெச்சு முடி கொஞ்சம் நீளமாவே விட்டு வெட்டுங்க. கொப்புளத்துல சீழ் இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ காத்திருக்காம வந்துடுங்க. வரும்போது அந்த ட்யூபையும் அட்டையோட எடுத்துட்டு வாங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.