சர்க்யூட் கேள்வி பதில்: புரோகிராமைத் தொடும் முன் சப்ளையைப் பாருங்கள்

கேள்விகள் குவிந்துவிட்டதால் நேராகப் பதிலுக்கு வருகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: எந்த போர்டு, எதிலிருந்து சப்ளை, மீட்டரில் எவ்வளவு காட்டியது, இந்த மூன்றும் கேள்வியில் இருக்கட்டும். "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் எழுதி இயக்கும் சிப்) போர்டில் எல்இடி எரிகிறது, சென்சார் படிக்கிறது. வைஃபையைத் தொடங்கிய உடனே ரீசெட் ஆகிறது. திரையில் பிரவுன்அவுட் என்று வருகிறது. அந்தச் சோதனையைப் புரோகிராமிலேயே நிறுத்திவிடலாம் என்கிறார்கள், சரியா?

சரியில்லை, தயவுசெய்து செய்யாதீர்கள். சப்ளை குறைகிறது என்று சிப் உங்களிடம் சொல்கிறது, அதன் வாயை அடைத்தால் குறை தீராது. குறைந்த வோல்டேஜில் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது சேமித்த தகவல் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு, அதற்கப்புறம் வரும் கோளாறுகளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நடப்பது இதுதான். வைஃபை அனுப்பும் நேரத்தில் சிப் மட்டுமே சுமார் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 3.3 வோல்ட் சப்ளை குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரவேண்டும் என்பதுதான் தயாரிப்பாளரின் பரிந்துரை. நீங்களோ மெல்லிய யூஎஸ்பி கேபிள், நீளமான ஜம்பர் வயர், தளர்ந்த பிரெட்போர்டு என்று வழியெல்லாம் வோல்டேஜை இழந்துகொண்டு வருகிறீர்கள். மல்ட்டிமீட்டர் வைத்தால் 3.3 என்றே காட்டும், ஏனென்றால் சரிவு மிகக் குறுகியது, மீட்டர் அதைச் சராசரியாக்கி மறைத்துவிடும். ஆஸிலாஸ்கோப்பில்தான் பள்ளம் தெரியும்.

முதலில் கேபிளை மாற்றுங்கள், குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். அப்புறம் 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்று, பக்கத்திலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஒன்று. பின்னை ஒட்டி வையுங்கள், பிரெட்போர்டின் மறுகோடியில் வைத்துப் பயனில்லை. எலக்ட்ரோலைட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கக்கூடும்.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ போர்டில் எல்இடிக்கு ரெசிஸ்டர் கட்டாயமா? இல்லாமலே எரிகிறதே?

கட்டாயம். பின் தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்தால் மீதி 3 வோல்ட், 220 ஓம் போட்டால் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பதே நல்லது. 40 என்பது சேதமாகும் எல்லை, தினமும் ஓட்டும் அளவு அல்ல.

கேள்வி: மோட்டாருக்குத் தனி பேட்டரி, நடுவில் டிரான்சிஸ்டர், ஆனாலும் சுற்றவில்லை.

பேட்டரியின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் இணைத்தீர்களா? இணைக்காவிட்டால் டிரான்சிஸ்டரின் பேஸ் கரண்ட் திரும்பிவர வழியே இல்லை.

கேள்வி: ஈஎஸ்பி32 பின்னிலிருந்து ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (கேட் என்ற முனையின் வோல்டேஜால் திறக்கும் டிரான்சிஸ்டர்) மூலம் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் எரிக்கிறேன். ஸ்ட்ரிப் மங்கல், மாஸ்ஃபெட் தொடமுடியாத சூடு. டேட்டாஷீட்டில் த்ரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் என்றுதானே இருக்கிறது?

நல்ல கேள்வி, டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்ததற்கே பாராட்டு. அதே வரியில் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் பாருங்கள்: அந்த த்ரெஷோல்டு 250 மைக்ரோ ஆம்பியர் ஓடும்போது அளந்தது. மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் புள்ளி அது, முழுதாகத் திறந்த புள்ளி அல்ல. நீங்கள் பார்க்கவேண்டியது ஆன் ரெசிஸ்டன்ஸ் (திறந்திருக்கும்போது உள்ள ரெசிஸ்டன்ஸ்) எந்த கேட் வோல்டேஜில் உறுதி தரப்பட்டிருக்கிறது என்ற வரியை. ஐஆர்எஃப்540க்கு அது 10 வோல்ட். உங்கள் 3.3 வோல்ட்டில் அது பாதி திறந்து நின்று சூடாகிறது. ஐஆர்எல்இசட்44என் வாங்கச் சொல்வார்கள், 5 வோல்ட் பின்னுக்கு அது நல்ல தேர்வு, 3.3க்கு டேட்டாஷீட் உறுதி தரவில்லை. ஏஓ3400 போல 2.5 வோல்ட்டிலேயே ஆன் ரெசிஸ்டன்ஸ் குறிப்பிட்டிருப்பதை எடுங்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், போர்டு விழிக்கும் நேரத்தில் கேட் மிதக்காமல் இருக்க.

கேள்வி: 9 வோல்ட் சதுர பேட்டரியில் நான்கு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) ஓடுமா?

ஓடாது. அதன் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர்-மணி அளவுதான், உள் ரெசிஸ்டன்ஸும் அதிகம், சர்வோ அசையும்போதே வோல்டேஜ் விழுந்துவிடும். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தும் சர்வோவுக்கு எடுக்காதீர்கள். நான்கு ஏஏ செல் அல்லது தனி 5 வோல்ட் சப்ளை வையுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் 12 வோல்ட் விளக்கு 10 நிமிடம் எரிந்து அணையவேண்டும். 555 டைமர் ஐசி போதுமா, மைக்ரோகன்ட்ரோலர் வேண்டுமா?

மைக்ரோகன்ட்ரோலர். 10 நிமிடத்துக்கு 555 வேண்டாம்.

குறுக்கே ஒருவர்: ஒரு டைமருக்குப் புரோகிராமா? 555 ஐம்பது வருடமாக ஓடுகிறதே!

555 மீது எனக்கும் மரியாதை உண்டு. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் 1972இல் வெளியிட்ட அந்த ஐசி இன்றும் சில வினாடி டைமருக்கு அருமை, 200 மில்லி ஆம்பியர் நேரடியாகத் தரும். ஆனால் கணக்குப் போடுங்கள். நேரம் என்பது 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெபாசிட்டர். 600 வினாடிக்கு 1 மெகா ஓம் போட்டால் 545 மைக்ரோ ஃபாரட் வேண்டும். அந்த அளவு எலக்ட்ரோலைட்டிக்கில்தான் கிடைக்கும், அதன் மதிப்பே 20 சதவீதம் முன்பின்.

அவரே: சீமாஸ் 555 (குறைந்த கரண்ட் இழுக்கும் 555 வகை) எடுத்து 10 மெகா ஓம் போட்டால் சிறிய கெபாசிட்டரே போதுமே?

அங்கேதான் நிஜமான சிக்கல். 5 வோல்ட் சப்ளையில் கெபாசிட்டர் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட்டை எட்டும் தருவாயில் 10 மெகா ஓம் வழியே வருவது 0.17 மைக்ரோ ஆம்பியர்தான். சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கின் கசிவு அதைவிட அதிகமாக இருக்கலாம். வருவதெல்லாம் கசிவிலேயே போய்விட்டால் வோல்டேஜ் அந்த அளவை எட்டவே எட்டாது, விளக்கு அணையவே அணையாது. சீமாஸ் 555 தன் பின்னில் கசியவிடாது என்பது உண்மை, ஆனால் கசிவது கெபாசிட்டர்.

இன்னொருவர்: சிடி4060 இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை?

புரோகிராம் எழுத விருப்பமில்லாதவருக்குச் சரியான பதில் இதுதான், என் முதல் பதிலிலேயே சொல்லியிருக்கவேண்டிய ஐசி. உள்ளேயே துடிப்பு தரும் ஆஸிலேட்டரும் அதை எண்ணும் 14 கட்டக் கவுன்ட்டரும் இருக்கின்றன. கடைசி அவுட்புட் 8192 துடிப்புக்குப் பிறகு உயரும், ஆகவே 600 வினாடிக்கு 13.65 ஹெர்ட்ஸ் போதும். அதற்கு 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரும், 270 கிலோ ஓமுடன் 100 கிலோ ஓம் ட்ரிம்மரும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்தால் அளவு கைக்குள் வந்துவிடும். கசிவுப் பிரச்சினையே கிடையாது. துல்லியம் முக்கியம் என்றால் கிரிஸ்டல் உள்ள போர்டுதான். ஏடிடைனி85 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஆஸிலேட்டர்கூட வந்தபடியே விட்டால் 10 சதவீதம் வரை தவறலாம்.

கேள்வி: ஆர்டுயினோவின் மில்லிஸ் கவுன்ட்டர் (போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லி வினாடிக் கணக்கு) 49 நாளில் பூஜ்யமாகுமாமே?

ஆகும். அன்சைன்ட் லாங் (மைனஸ் இல்லாத முழு எண்) மாறியில் இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கூட்டி ஒப்பிட்டால்தான் வம்பு.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டர் வைத்து வீட்டு மின்சாரத்திலிருந்து நேராக ஈஎஸ்பிக்கு சப்ளை தரும் சர்க்யூட் கிடைத்தது.

கட்டாதீர்கள். மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தல் அதில் இல்லை. கிரவுண்டைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம், யூஎஸ்பி செருகினால் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும். மூடிய 5 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள்.

கேள்வி: ட்ரோனுக்கு பிஐடி மதிப்பு எவ்வளவு வைக்கலாம்?

என் துறை இல்லை, ட்ரோன் பறக்கவிடுபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ரோபோவுக்கு 9 வோல்ட் பேட்டரி போதுமா?

மேலே எழுதியிருக்கிறேன். போதாது.

கேள்வி: ரிலே விடும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது. 9 வோல்ட் பேட்டரிதான்.

பேட்டரிக்கு பதில் மேலே. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். தனி சப்ளை கொடுத்தால் கிரவுண்டை இணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: 555க்காக வாதாடியவன்தான். 4060 கட்டினேன், 10 நிமிடம் 40 வினாடி வருகிறது. ஒவ்வொரு முறையும் முழுதாகக் காத்திருந்தா திருத்துவது?

வேண்டாம். 7ஆம் பின் நான்காம் கட்ட அவுட்புட், 16 துடிப்புக்கு ஒருமுறை மாறிவரும். அதில் 1 கிலோ ஓமுடன் ஒரு எல்இடி வையுங்கள். 50 முறை மின்னி முடிய 58.6 வினாடி ஆகவேண்டும். உங்களுக்கு இப்போது 62 வினாடிக்கு மேல் ஆகும், ட்ரிம்மரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 12ஆம் பின்னில் சப்ளை வரும்போது ரீசெட் ஆக 0.1 மைக்ரோ ஃபாரட் பிளஸுக்கும் 100 கிலோ ஓம் கிரவுண்டுக்கும் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், இல்லையென்றால் முதல் எண்ணிக்கை எங்கிருந்து தொடங்கும் என்று சொல்ல முடியாது.